தலைமாட்டைத் தாங்குவது எது? ராட்செட், கிராங்க், கேஸ் ஸ்பிரிங்

நோயாளிக் கட்டில் வாங்கப் போனால், தலைமாட்டை எவ்வளவு எளிதாகத் தூக்கலாம் என்றுதான் பார்க்கிறோம். கையை எடுத்த பிறகு அதைப் பிடித்து நிறுத்துவது எது என்றும் பார்க்க வேண்டும்.

ராட்செட், அதாவது ஒரு பக்கம் மட்டும் நகரவிடும் பல் அமைப்பு, மலிவு. தூக்கத் தூக்க 'டக் டக்'கென்று பல்லில் உட்காரும். இரண்டு பல்லுக்கு நடுவே நிற்காது. நோயாளியின் எடையைத் தூக்குவது உங்கள் இடுப்புதான்.

கிராங்க் என்றால் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் திருகுதண்டை மரையின் உராய்வே பின்னோக்கிச் சுழலவிடாது, தனிப் பூட்டு வேண்டாம். மெதுவான வேலை. ஆனால் பழுதானால் பக்கத்துப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம்.

கேஸ் ஸ்பிரிங், காரின் பின்கதவைத் தாங்கும் தண்டின் உறவுக்காரன். உருளைக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கும். பிஸ்டனில் துளை இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அப்புறம் எப்படித் தள்ளுகிறது? ஒரு பக்கத்தில் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால், அந்தத் தண்டின் பருமனுக்கு உரிய விசை மட்டும் மிஞ்சுகிறது. 10 மி.மீ. தண்டு, 100 பார் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 100 மடங்கு) அழுத்தம் என்றால் சுமார் 785 நியூட்டன். ஏறக்குறைய 80 கிலோவைத் தாங்கும்.

பூட்டும் ரகத்தில் துளைக்குப் பதில் வால்வு. நெம்புகோலை அழுத்தினால் தண்டுக்குள் ஓடும் ஊசி அதைத் திறக்கும். விட்டால் மூடிக்கொண்டு இரண்டு அறைகளும் பிரிந்துவிடும். எந்த உயரத்திலும் நிற்கும். வாயு மட்டும் உள்ளது பூட்டிய பிறகும் கொஞ்சம் அமுங்கும். நாற்காலிச் சாய்மானத்துக்கு அது சுகம். கட்டிலுக்கு எண்ணெய் நிரப்பியதே மேல். எண்ணெய் அமுங்காது, தலைமாடும் ஆடாது. நெஞ்சை அழுத்தி உயிர்காக்க வேண்டிய அவசரத்தில், கிராங்க்கைச் சுற்றிக்கொண்டிருக்காமல் ஒரே அழுத்தில் தட்டையாக்கவும் வழி உண்டு.

குறையும் உண்டு. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் விசை சுமார் 7 சதவீதம் கூடும். சீல் தேய்ந்து வாயு கசிந்தால் பெரும்பாலும் முழுசாக மாற்றத்தான் வேண்டும். கழற்றியதை அறுக்கவோ தீயில் போடவோ கூடாது, வெடிக்கும்.

நாள் முழுக்க ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் என் ஓட்டு கேஸ் ஸ்பிரிங்குக்கு. உதிரிபாகம் கிடைக்காத ஊருக்குக் கிராங்க். கடையில் காலிக் கட்டிலைத் தூக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். நோயாளியின் எடையுள்ள ஒருவரைப் படுக்க வைத்து நெம்புகோலை அழுத்திப் பாருங்கள்.