ஸ்ட்ரைக் அன்றைக்கும் போன் எடுக்கிற டிராவல்ஸ்

கரூர் கோவை ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த டிராவல்ஸ். பெயரைப் போடவில்லை. "போட்டுராதீங்க அம்மணி, இருக்கிறதே நானும் ஒரு பையனுந்தான்" என்று நடத்துகிறவரே சொல்லிவிட்டார். ஏற்றுமதியில் இருக்கிற யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

நான் ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஏப்ரன், கிச்சன் டவல், சேர் பேட், மேசை விரிப்பு, இதுதான் எங்கள் சரக்கு. முதலாளிக்கு முதுகுவலி வந்ததிலிருந்து ஐரோப்பா பயணமெல்லாம் என் தலையில் விழுந்தது. எனவே டூர் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. பையர் (சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி) மீட்டிங்குக்கும் ஃபேருக்கும் (வர்த்தகக் கண்காட்சி) சாம்பிள் பெட்டியோடு ஓடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன். நாமே போனில் போட்டால் வரும் விலையைவிட இவரிடம் டிக்கெட் கொஞ்சம் கூடத்தான். விசா ஃபைலுக்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ் உண்டு. ஷெங்கன், அதாவது 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா, அதன் கட்டணமே 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆகிவிட்டது. அதோடு விண்ணப்ப மையத்தின் கட்டணம், அதற்கும் மேலே இவருடையது. எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒவ்வொரு தடவையும் பில்லைப் பார்த்து முனகுவார். 2025 மார்ச்சுக்குப் பிறகு முனகுவதில்லை.

மார்ச் கதைக்கு முன்னால் விசா ஸ்டிக்கரைப் பற்றிக் கொஞ்சம். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதிகளுக்குள் எத்தனை நாள் தங்கலாம் என்று வேறொரு இடத்தில் ஒரு எண் இருக்கும். ஒரே தடவை நுழையும் விசா என்றால் தேதியில் 15 நாள் கூட்டித்தான் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு மாதக் கடைசி வரை இருக்கலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரிலேயே நிறைய. அந்தச் சின்ன எண்தான் கணக்கு. இறங்குகிற நாளும் ஒரு நாள், கிளம்புகிற நாளும் ஒரு நாள். இவர் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே அந்த எண்ணைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கடைசியாக வெளியேற வேண்டிய தேதியையும் போட்டு உள்ளே சொருகித் தருவார். அந்தச் சீட்டுக்காகவே சர்வீஸ் சார்ஜைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

2025 மார்ச் 3, திங்கள், ஜெர்மனியில் இறங்கினேன். விசாவில் 9 நாள். பத்தாம் தேதி பிராங்ஃபர்ட்டிலிருந்து வளைகுடா வழியாகத் திரும்ப டிக்கெட். எட்டு நாள் வேலை, ஒரு நாள் உபரி. சீட்டில் "11" என்று வட்டம் போட்டிருந்தார்.

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, ஏர்போர்ட் ஊழியர்களும் இருக்கிற வெர்டி என்ற ஜெர்மன் தொழிற்சங்கம் திங்களன்று 24 மணி நேர வேலைநிறுத்தம் என்று அறிவித்தது. பிராங்ஃபர்ட், மியூனிக், பெர்லின், கொலோன், டுசல்டார்ஃப் என 13 விமான நிலையங்கள். நான் அப்போது கொலோனில் பையரின் ஷோரூமில் டேபிள் ரன்னர்களை விரித்து வைத்துக்கொண்டு பார்டர் அகலத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செய்தியே தெரியாது. சனிக்கிழமை விடிகாலை எழுந்து பார்த்தால் இவரிடமிருந்து வரிசையாக வாய்ஸ் மெசேஜ்.

"அம்மணி, பதறாதீங்க. திங்கக்கெழம பிராங்ஃபர்ட்ல ஒரு ஃப்ளைட்டும் ஏத்த மாட்டாங்க. உங்களுக்கு மெயில் வரும், அதுல ரீஃபண்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். அதை மட்டும் தொட்டுராதீங்க. தொட்டா காசு வரும், ஆனா உங்களை ஊர் சேர்க்கிற பொறுப்பு அவங்களுக்கு விட்டுப்போகும்."

சொன்னபடியே மெயில் வந்தது. ரீஃபண்ட், இல்லாவிட்டால் 12ஆம் தேதி விமானம். அசந்திருந்தால் 12ஐ அழுத்தியிருப்பேன், ஹோட்டலில் இரண்டு நாள் நீட்டித்தால் போதும் என்று. சீட்டில் வட்டம் போட்ட 11 கண்ணில் பட்டது. ஒரு நாள் கூடினாலும் அது ஓவர்ஸ்டே. அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பதில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய விதி எண் 261 பற்றி நெட்டில் நிறைய எழுதுகிறார்கள், விமானம் ரத்தானால் 600 யூரோ கிடைக்கும் என்று. இவர் அதில் தெளிவாக இருந்தார். விமான நிறுவனத்தின் சொந்த ஆட்கள் ஸ்ட்ரைக் செய்தால் கேட்கலாம்; ஏர்போர்ட் ஆட்கள் செய்தால் அது நிறுவனத்தின் கையில் இல்லாத விஷயம், நஷ்டஈடு வராது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தருவதும், வேறு வழியில் ஊருக்கு அனுப்புவதும் அவர்கள் கடமை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் என்றால் நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. அந்தப் பிடியை வைத்துத்தான் இவர் பேசியிருக்கிறார். அதே நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் பறக்கிறது. திங்கள் இரவு அதில் இடம் இருந்தது. சென்னை வரைக்கும் ஒரே பி.என்.ஆரில் மாற்றி, சனிக்கிழமை மத்தியானம் புது டிக்கெட்டை அனுப்பிவிட்டார். கொலோனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயில் காசு மட்டும் என் கையிலிருந்து.

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. ஜெர்மனி கொடுத்த விசாவில் நெதர்லாந்து வழியாக வெளியேறினால் கேள்வி வருமா? "29 நாட்டுக்கும் ஒரே காம்பவுண்டு சுவர்தான் அம்மணி, எந்தக் கேட்டுல வேணா வெளிய வரலாம்" என்றார். வேறு வழியே கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்வதென்றும் யோசித்து வைத்திருந்தார்: நாள் முடிவதற்குள் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் விமானம் ரத்து என்று வந்த மெயிலைக் காட்டி நீட்டிப்புக் கேட்க வேண்டும், நம் கையை மீறிய காரணம் என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது. சனி, ஞாயிறு பூட்டியிருக்கும், திங்கள் காலையே போய் நிற்க வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் முத்திரை குத்திய தேதி மார்ச் 10.

இவ்வளவும் சொன்னேன் என்று இவரை அலாவுதீன் பூதமாக நினைத்துவிட வேண்டாம். விதி தெரிந்த அளவுக்கு ஊர் தெரியாது. நான் இறங்கிய அந்த மார்ச் 3, கொலோனில் கார்னிவலின் ரோஸ் திங்கள். ஊரே வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறது. என் சாம்பிள் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் ரயிலில் ஒரு தேனீ, இரண்டு கோமாளி, ஒரு பாதிரியார். பையரின் ஆபீஸ் மூடியிருந்தது, ஹோட்டல் வாடகை கொதித்தது. விசாவில் ஒரு நாள் சும்மா போனதுதான் மிச்சம். இதை பையரிடம் கேட்டுச் சொல்ல வேண்டியது டிராவல்ஸ்காரரா என்று எங்கள் ஆபீசில் இன்னும் வாதம் நடக்கிறது. தேதி போடுகிறவர் காலண்டரையும் பார்க்கலாம் என்பது என் தரப்பு.

இன்னொன்று இன்சூரன்ஸ். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதற்கு எது மலிவோ அதைப் போட்டுவிடுகிறார். விமானத் தாமதம், ரத்து இதெல்லாம் அதில் இல்லை. கேட்டால் போட்டுத் தருகிறார், ஆனால் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. பில்லுக்கு நடையாய் நடக்க வேண்டும். எதையும் எழுதி அனுப்ப மாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான்; மீட்டிங் நடுவில் அதைக் கேட்க முடியாது.

2026 ஜனவரி பயணத்துக்கு வருகிறேன். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு கரூரே ஐரோப்பாவைப் பார்த்துத் திரும்பியது. பிராங்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஃபேர் ஜனவரி 13 முதல் 16 வரை. பொங்கல் 15ஆம் தேதி. பொங்கலன்று ஸ்டாலில் நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோ கால். அக்டோபர் முதல் வாரமே ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவுக்கு 15 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 வரை போகலாம் என்பது இவர் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டு. பையரின் அழைப்புக் கடிதத்தில் செலவு யாருடையது என்று இல்லை என்பதற்காக அதைத் திருப்பி அனுப்பி, வேறு வாங்க வைத்தார்.

இந்தத் தடவை அவர் கண்டுபிடித்துச் சொன்னதுதான் பெரிய லாபம். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி கிடைக்கலாம், அதன் பிறகு ஐந்து வருடம். 2024 ஃபேருக்கு ஒன்று, அந்த மார்ச்சுக்கு ஒன்று என்று என்னிடம் இரண்டும் இருந்தன. கவரிங் லெட்டரில் அதைத் தனிப் பத்தியாக எழுத வைத்தார். கிடைத்தது. இனி எந்த 180 நாளிலும் 90 நாள் என்பதுதான் வரம்பு. ஒரு ஸ்ட்ரைக்குக்கு விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. மார்ச்சில் ஒரு நாள் ஓவர்ஸ்டே ஆகியிருந்தால் இதைக் கேட்கவே வாய் வந்திருக்காது.

எல்லையில் புதிய முறை வேறு வந்துவிட்டது. இ.இ.எஸ். என்கிறார்கள், 2025 அக்டோபர் 12இல் தொடங்கி, 2026 ஏப்ரல் 10 முதல் முழுதாக அமல், அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரையே கிடையாது. உள்ளே வந்தது, வெளியே போனது எல்லாம் கணினியில். தங்கிய நாளைக் கணினியே கூட்டிவிடும். பத்து விரலையும் புதிதாக எடுப்பார்கள், மருதாணி வைக்காதீர்கள் என்று பயமுறுத்தியிருந்தார். அதெல்லாம் இல்லை. விசா வாங்கும்போது கொடுத்த ரேகை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. எனக்குச் சரிபார்த்து, முகத்தைப் படம் எடுத்ததோடு சரி. மாறுகாலம் என்பதால் முத்திரையும் குத்தினார்கள். பயணப்படி கேட்க முத்திரைப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிற கம்பெனிகள் இனி போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்த வேண்டியதுதான். எட்டியாஸ் என்று ஒரு முன் அனுமதி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு அந்தக் கவலை இல்லை.

போகிற வழியிலும் இவர் பழக்கம் மாறியிருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியை மூடியதிலிருந்து, காசு கூடினாலும் ஃபேருக்குச் சென்னை–பிராங்ஃபர்ட் நேர் விமானம்தான் என்கிறார். டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதைப் பார்த்துவிட்டு, திருச்சி–சென்னை விமானத்தையும் வேண்டாம் என்று பாலக்காடு எக்ஸ்பிரஸில் கரூரிலேயே ஏற்றிவிட்டார். ரயில் விடிகாலை சென்ட்ரலில் இறக்கிவிட்டது. விமானமோ நள்ளிரவு தாண்டி. பெட்டிகளோடு ஒரு பகல் முழுக்கப் பெரம்பூர் சித்தி வீட்டில் கிடந்தேன். இது கொஞ்சம் அதிகப்படியான ஜாக்கிரதை என்று அவரிடமே சொன்னேன். "நீங்க போய்ச் சேர்ந்தீங்கள்ல?" என்றார்.

சிங்கப்பூர், துபாய்க்கு மட்டும் போய்வருகிறவர்களுக்கு இவர் தேவையில்லை, போனிலேயே முடித்துக்கொள்ளலாம். ஷெங்கன் ஃபைல் உள்ளவர்கள் போகலாம். காலை பதினோரு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் படியில் ஷட்டர் இறங்கியிருக்கும். கார்டு வாங்க மாட்டார், ஜிபே உண்டு. ஜனவரி ஃபேருக்கு டிசம்பரில் போய் நின்றால் ஃபைலைத் தொட மாட்டார். எங்கள் பக்கத்து கம்பெனிக்காரர் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கி வந்ததை நானே பார்த்தேன்.