நாடக உடைக்கு அளவு எடுக்க எந்த டேப்? சிக்பேட்டையில் கிடைக்கும் மூன்று வகை

பெங்களூரு சிக்பேட்டையில் தையல் சாமான் விற்கும் கடைகளில் மூன்று விதமான டேப் பார்க்கலாம்: வெறும் பிளாஸ்டிக், கண்ணாடி இழை கலந்தது, பட்டனை அழுத்தினால் உள்ளே சுருளும் டப்பா டேப். நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் உடை தைப்பவர்கள் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் டேப் இழுக்க இழுக்க நீண்டுவிடும். 60 இஞ்ச் டேப் அரை இஞ்ச் நீண்டிருந்தால், 36 இஞ்ச் மார்பை 35.7 என்றுதான் காட்டும். எல்லா அளவும் இப்படிக் குறைந்தே வருவதால் உடை முழுக்க இறுகும். டப்பா டேப்பில் ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்கிறது. இடுப்புச் சதையை அமுக்கிக் குறைத்துக் காட்டும்.

கண்ணாடி இழை டேப் அவ்வளவு எளிதில் நீளாது. ஆனால் ஒரே இடத்தில் மடித்து வைத்தால் விரிசல் விடும். சுருட்டி வைக்க வேண்டும். வாங்கும்போதே முனைத் தகரத்தைப் பாருங்கள். அது தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால் முதல் இஞ்சே தப்பு. ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வைத்தால் தெரிந்துவிடும்.

இதன் பெரிய குறை 60 இஞ்ச் நீளம். ஒரு தோளில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு நடுவே போய், முதுகு வழியாக அதே தோளுக்கு வரும் முழுச்சுற்று அளவு உயரமான ஆண்களுக்கு 60ஐத் தாண்டும். உடம்போடு ஒட்டிய ஒற்றை உடுப்புக்கு இந்த அளவு இல்லாமல் வெட்டவே கூடாது. 120 இஞ்ச் டேப்பும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

டேப் சரியாக இருந்தும் உடை கிழிகிறதென்றால், நிற்க வைத்து மட்டுமே அளந்திருப்பார்கள். பரதநாட்டியப் பைஜாமாவுக்கு நின்றபடி ஒருமுறை, அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில்) ஒருமுறை அளக்க வேண்டும். பின் இடுப்பிலிருந்து கவட்டை வரை, தொடைச் சுற்று, முழங்கால் சுற்று மூன்றிலும் பெரிய எண்ணை எழுதுங்கள். அதற்கு முன் இடுப்பில் ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டி, இருபுறமும் சாயச் சொல்லுங்கள். அது தங்கும் இடமே இடுப்பு. நீள அளவெல்லாம் அங்கிருந்துதான். அளக்கும்போது அளவு கொடுப்பவர் குனிந்து டேப்பைப் பார்த்தால் முதுகு நீளம் கூடிவிடும். நேராகப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்புச் சுற்றில் டேப் முதுகுப்பக்கம் சரியும், பின்னால் ஒருவர் பிடிப்பது அவசியம். முதுகு அகலத்தைக் கைகளை முன்னால் கட்டச் சொல்லியும், கை நீளத்தை முழங்கையை மடக்கச் சொல்லியும் எடுங்கள். டேப்புக்குள் விரல் விட்டு லூஸ் சேர்க்கவே வேண்டாம். வெட்டும்போது தையல்காரர் எப்படியும் லூஸ் வைப்பார்; இரண்டும் சேர்ந்தால் ராஜா உடுப்பு கோணிப்பை மாதிரி தொங்கும். வேஷத்துக்கு வயிற்றில் பஞ்சு கட்டுவதாக இருந்தால் கட்டிய பிறகே அளவு. கிரீடத்துக்கும் அப்படியே: டோப்பா வைத்த தலையைத்தான் அளக்க வேண்டும்.