செராமிக் பெசல், காசிமேட்டுக் காற்றில்
தண்டையார்பேட்டையில் பைக், கடை ஷட்டர், கிரில் கேட் என்று தினமும் உரசுகிற கையில் ரோலெக்ஸ் சப்மரைனர் வாட்ச். ஸ்டீல் கேஸ் முழுக்கக் கீறல், டயலைச் சுற்றியிருக்கிற கறுப்பு வளையம், அதாவது பெசல் மட்டும் புதுசு மாதிரியே இருக்கிறது. ஸ்டீல் மாடலுக்கு 2010-இல் வந்த இந்த செராமிக் பெசல் மணலைவிடக் கடினம், வெயிலில் வெளுக்காது. வெள்ளியாக ஒரு கோடு தெரிந்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் உரசிய உலோகம்தான் ஒட்டியிருக்கும், பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். அப்புறம் இங்கே உப்புக்காற்றும் வியர்வையும் அதிகம், பக்கவாட்டில் இருக்கிற திருகை, அதாவது கிரவுனை இறுக்கித் திருகிவிட்டு மென்மையான டூத்பிரஷ், சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். பயமெல்லாம் மொசைக் தரைதான். கீழே விழுந்தால் விரிசல் விடலாம், சில்லு பெயரலாம், அப்படி ஆனால் வளையத்தையே மாற்றவேண்டும். பாலிஷ் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.