பழைய க்ரூசர்: அவெஞ்சரா, மீட்டியாரா?

நாகர்கோவிலில் பழைய வண்டி விற்பனையாளரிடம் குறைவாக ஓடிய சிறிய க்ரூசர் (தாழ்ந்த இருக்கையில் நிதானமாக அமர்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள்) தேடுவோர், பஜாஜ் அவெஞ்சர் 220-ஐயும் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ஐயும் ஒப்பிடுவது இயல்பு. அவெஞ்சரின் இருக்கை 737 மி.மீ. உயரமே என்பதாலும், எடை சுமார் 160 கிலோ என்பதாலும், மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் காலூன்றி நகர்த்துவது எளிது. 2020 நவம்பரில் அறிமுகமான மீட்டியார் 191 கிலோ எடையுள்ளதாயினும், 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருப்பதால், ஆரல்வாய்மொழிக் கணவாயின் எதிர்காற்றிலும், இருவர் அமர்ந்து பேச்சிப்பாறை செல்லும் ஏற்றங்களிலும் தளராமல் இழுக்கும். நான் மீட்டியாரையே தேர்வேன்.

எதுவாயினும், குளச்சல் போன்ற கடலோர ஊரில் நின்ற வண்டியெனில், சைலன்சரின் அடிப்பகுதியையும், அவெஞ்சரின் ‘க்ரூஸ்’ வகையாயின் சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளையும் துரு அரித்துள்ளதா எனக் குனிந்து பார்க்க வேண்டும் (புதிதாகப் பூசிய மெருகு பலவற்றை மறைத்துவிடும்). கேரளப் பதிவெண் என்றால், அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (என்ஓசி) கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கலாகாது.