வாயால் கொடுத்த நோட்டீஸ்: ஒரு மாத வாடகை போன கதை

வாடகை வீட்டைக் காலி செய்யும் யோசனையில் இருப்பவர்கள் பேக்கிங் அட்டைப்பெட்டி தேடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்ததில்லை. அப்படியும் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன ஒரே காரணம், "நீங்கள் முறையாக நோட்டீஸ் தரவில்லை" என்பதுதான்.

நான் நோட்டீஸ் கொடுத்தேன், ஆனால் வாயால் கொடுத்தேன். அதுவும் ஓனரிடம் அல்ல, ஓனருக்காக வீட்டைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட்டிடம்.

எங்கள் பத்திரம் ஒரு வருடத்துக்குப் போட்டது. வருடம் முடிந்ததும் யாரும் புதுப் பத்திரம் பற்றிப் பேசவில்லை. நாங்கள் ஒன்றாம் தேதி வாடகை அனுப்பினோம், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இப்படி ஓடுவதைத்தான் மாதாமாதக் குடியிருப்பு என்கிறார்கள். பத்திரம் காலாவதியாகிவிட்டதே, இனி எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று நான் நினைத்திருந்தேன். அது முதல் தப்பு. குடியிருப்பு தொடர்ந்தால் பழைய பத்திரத்தின் மற்ற நிபந்தனைகளும் பெரும்பாலும் தொடர்வதாகவே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில், ஒரு மாத நோட்டீஸை எழுத்து மூலம் ஓனருக்குத் தர வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அந்தப் பக்கத்தைப் புரட்டியதோடு சரி.

27ஆம் தேதி ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, அடுத்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்றேன். "லெட்டர் ஏதாவது தரணுமா?" என்றும் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், நம்மளுக்குள்ள என்ன லெட்டர்? நானே ஓனர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் யாராவது 'நம்மளுக்குள்ள என்ன' என்று ஆரம்பித்தாலே கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

12ஆம் தேதி அவர் ஒரு கணவன் மனைவியை அழைத்துக்கொண்டு வீடு காட்ட வந்தார். சமையலறையில் எங்கள் ஃப்ரிட்ஜ் நிற்கும் இடத்தை அந்த அம்மா சாண் வைத்து அளந்தார். நான்கு சாண், கொஞ்சம் மிச்சம். "நம்ம ஃப்ரிட்ஜ் உள்ள போயிடுங்க" என்று கணவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான் தண்ணீர் கொடுத்து, மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட காட்டி அனுப்பினேன்.

18ஆம் தேதி, அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்று கேட்கக் கூப்பிட்டேன். "நோட்டீஸே வரலையே சார், ஓனருக்கு எதுவும் தெரியாதே" என்றார் அதே மனிதர். அப்படியானால் 12ஆம் தேதி வீடு பார்க்க வந்தவர்கள் யார்? "அவங்க சும்மா பார்க்க வந்தாங்க."

அன்று ராத்திரியே ஓனருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், மறுநாள் காலை பதிவுத் தபாலும் போட்டேன். பதில் வந்தது: எழுத்தில் கொடுத்த நாள்தான் கணக்கு, அதுவும் அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்துதான் ஒரு மாதம் எண்ணப்படும். அதாவது நாங்கள் இருக்கப்போகாத ஒரு முழு மாதத்துக்கும் வாடகை. லாரி சொல்லியாகிவிட்டது, புது வீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. சொன்னபடி மாதக் கடைசியில் கிளம்பினோம். அந்த வாடகையை அட்வான்ஸில் கழித்தார்கள்.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து சட்டங்களைப் படித்தேன். நம் ஆட்கள் உலகம் முழுக்க வாடகை வீடுகளில் இருப்பதால் பார்த்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்தியாவில் 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ இல்லாவிட்டால் மாதாமாதக் குடியிருப்பை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும். முன்பு அந்த 15 நாள் குடியிருப்பு மாதத்தின் முடிவோடு சேர்ந்து முடிய வேண்டும் என்று இருந்தது. 2002ஆம் வருடத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். போனில் சொன்னதற்கு அங்கே இடமே இல்லை. எங்களைப் போல பத்திரத்தில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தால் 15 நாள் பேச்சும் எடுபடாது.

கலிஃபோர்னியாவில் 30 நாள். அதை மாதத்தின் எந்த நாளிலும் கொடுக்கலாம், கடைசி மாத வாடகை இருந்த நாட்களுக்கு மட்டும். கனடாவின் ஒண்டாரியோவில் 60 நாள், அதுவும் வாடகை மாதத்தின் கடைசி நாளில்தான் முடிய வேண்டும். மார்ச் 18இல் கொடுத்தால் 60 நாள் மே 17இல் முடிகிறது, ஆனாலும் மே 31 வரை வாடகை உண்டு. தபாலில் அனுப்பினால் ஐந்து நாள் கழித்துக் கொடுத்ததாகவே கணக்கு. அதே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மாதம்தான், ஆனால் வாடகை நாளுக்கு முன்னால் ஓனருக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதி வாடகை என்றால், ஒன்றாம் தேதியே கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு நாள் தாமதம்தான். அந்த ஒரு நாளுக்கு ஒரு மாத வாடகை.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஓனர் சொன்ன கணக்கை முழுக்க அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுக்காதது என் தப்புதான். கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு.

அடுத்த மாதம் 9ஆம் தேதி, பழைய முகவரிக்கு வந்திருந்த வங்கிக் கடிதத்தை வாங்கப் போனேன். வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு. கதவைத் திறந்தது, சாண் வைத்து அளந்த அதே அம்மா. 6ஆம் தேதியே குடிவந்துவிட்டார்களாம், வாடகையும் அன்றிலிருந்தே. அவருக்குப் பின்னால் எங்கள் ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் அவர்கள் ஃப்ரிட்ஜ் நின்றது. உண்மையிலேயே கச்சிதமாகப் போயிருந்தது.

ஆக ஒரே வீட்டுக்கு, ஒரே மாதத்தில், இரண்டு குடும்பத்திடம் வாடகை. கலிஃபோர்னியா, ஒண்டாரியோ போன்ற இடங்களில் இது செல்லாது. குடியிருந்தவர் சரியான நோட்டீஸ் இல்லாமல் போனாலும், வீட்டை மறுபடி வாடகைக்கு விட ஓனர் நியாயமான முயற்சி எடுத்து நஷ்டத்தைக் குறைக்க வேண்டும். புது ஆள் வந்த பிறகான நாட்களுக்குப் பழையவரிடம் வாங்க முடியாது. உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி இருந்தாலும், காலி செய்த வீட்டில் யார் எப்போது வந்தார்கள் என்று ஒரு கண் வைத்திருங்கள். என்னைப் போல வங்கிக் கடிதம் வந்து காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்.

ஓனருக்கு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை திட்டவில்லை, தேதிகளை மட்டும் வரிசையாகப் போட்டேன்: 27, ஏஜென்ட்டுக்குப் பேசிய அழைப்பின் படம். 12, வீடு காட்ட வருவதாக அவர் அனுப்பிய குறுஞ்செய்தி. 18, மின்னஞ்சல். 6, புதுக் குடும்பம். பத்து நாள் பதிலே இல்லை. நினைவூட்டி எழுதிய பிறகு 6ஆம் தேதிக்கு அப்புறமான வாடகையைத் திருப்பினார்கள். ஆனால் அதிலும் பெயின்ட் செலவு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். புதுக் குடும்பத்திடம் கேட்டேன், பெயின்ட் அடிக்கவில்லையாம். அதற்குமேல் மல்லுக்கட்டத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

சாவி பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காலி செய்த அன்று ஏஜென்ட் வரவில்லை, "பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போங்க" என்றார். அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது. ஓனர் இருக்கும் இடத்துக்கே போய்க் கொடுத்து, மூன்று சாவி பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன். கிளம்பும் முன் காலி அறைகளையும் மீட்டரையும் படம் பிடித்தேன். சாவி கைமாறாதவரை வீடு உங்களிடம்தான் இருக்கிறது என்று பேச இடம் உண்டு.

நோட்டீஸ் பெரிய வக்கீல் கடிதமாக இருக்க வேண்டியதில்லை. நான் அனுப்பியது இவ்வளவுதான்: "இந்த முகவரியில் மாத வாடகைக்கு இருக்கும் நான், இந்தத் தேதியன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். இதையே நோட்டீஸாக ஏற்றுக்கொள்ளவும். அட்வான்ஸை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்." கீழே தேதி, பெயர், கையெழுத்து. இதையே 27ஆம் தேதி அனுப்பியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

புது வீட்டுக்குப் போன முதல் நாள், ஓனரிடம் மின்னஞ்சல் முகவரியும் தபால் முகவரியும் கேட்டேன். "எதுக்கு சார், போன் நம்பர்தான் இருக்கே?" என்றார். காலி செய்யும்போது நோட்டீஸ் அனுப்ப என்றேன். "இன்னும் சாமானே இறக்கலையே!" என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.