டெல்டாவில் ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு: நான் பயன்படுத்திவரும் தளங்கள், என் அனுபவம்

சமூகப்பணி முதுகலை ஆய்வேட்டில் தொடங்கி இப்போது பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு வரை ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர், இந்திய ஆய்வேடுகளின் சேமிப்பகமான ஷோத்கங்கா, ஆய்விதழ்களின் மின்நூலகமான ஜேஸ்டோர் ஆகிய மூன்றும்தான் எனக்குத் துணை. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் பக்கம் குடியிருக்கிறேன். நடவு வேலை செய்யும் பெண்களைப் பற்றித்தான் ஆய்வு. டிசம்பர் பிறந்தால் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவிகள் "தலைப்பு ஒன்று சொல்லுங்கள் அக்கா" என்று வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

தலைப்பை இணையத்தில் தேடாதீர்கள். இணையம் தருவது "விவசாயக் கூலிப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை" போன்ற பொதுத் தலைப்புகளைத்தான். அந்தத் தலைப்பில் கல்லூரி அலமாரிகளில் ஏற்கெனவே வரிசையாக ஆய்வேடுகள் இருக்கின்றன. களப்பணிக்குப் போகிற ஊரில் எது உங்களை உறுத்துகிறதோ, அதைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவியதால் வயதான நடவாட்களுக்கு வேலை நாள் குறைந்துவிட்டது. ஆனால் குழுக்கடனின் வாரத் தவணை குறையவில்லை. அப்படியானால் அந்த வீட்டில் எதைக் குறைத்துக்கொண்டு தவணை கட்டுகிறார்கள்? சாப்பாட்டையா, மருந்தையா, பேத்தியின் படிப்பையா? என் ஆய்வு இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் விரிந்தது. யார், எந்தச் சிக்கல், எந்த ஊர் என்ற மூன்றும் தெளிவாகிவிட்டால் தேடுசொற்கள் தாமாக வந்துவிடும்.

அதன் பிறகுதான் கூகுள் ஸ்காலர். 2004 முதல் இயங்கும் இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது தேடல் பெட்டி அன்று. ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கிறது. நல்ல பழைய கட்டுரை ஒன்று கையில் இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை வந்துவிடலாம். "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பையும் தவறாமல் திறந்து பாருங்கள். பதிப்பாளர் தளத்தில் பணம் கேட்கும் கட்டுரை, ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக இருக்கலாம். தரம் பிரித்துக் காட்டாததுதான் இதன் பெரிய குறை. சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட கட்டுரையும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் இதழின் கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

டெல்டாவைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. "திருவாரூர் மாவட்டம்" என்று தேடினால் 1997-க்கு முந்தைய ஆய்வுகள் சிக்காது. அதற்கு முன் அந்தப் பெயரில் மாவட்டமே கிடையாது. நாகப்பட்டினம் 1991-இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில்தான். ஆகவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மயிலாடுதுறையின் புள்ளிவிவரங்களை நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் வட்டம் வட்டமாகத் தேடி எடுக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலில் (Tanjore) தஞ்சாவூரைத் தேடிப் பார்ப்பதும் அவசியம். பழைய கட்டுரைகள் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன.

ஊர்ப் பெயரை நம்பவும் முடியாது. 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் காஃப், தான் ஆராய்ந்த ஊர் ஒன்றுக்குக் கும்பாப்பேட்டை என்று புனைபெயர் வைத்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தான் ஆராய்ந்த தஞ்சை ஊரை ஸ்ரீபுரம் என்று குறித்தார். மக்களின் அடையாளத்தைக் காக்க எடுத்த முடிவு அது, சரியான முடிவும்கூட. ஆனால் சொந்த ஊரின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு "ஆய்வே இல்லை" என்று ஆய்வு இடைவெளியை அறிவித்துவிடக் கூடாது. இதற்கு மாறாக, கீழ்வேளூர் பக்கத்துப் பாலக்குறிச்சி சொந்தப் பெயரிலேயே கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தொடங்கிய கிராம ஆய்வுகளில் அதுவும் ஒன்று. 1930-களில் மறுபடியும் ஆராயப்பட்டது. ஸ்லேட்டருக்காக அந்த ஆய்வுகளைச் செய்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள் என்பதை எங்கள் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வேன்.

தேடல் முடிவுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதையும் கவனியுங்கள். 2004 ஆழிப்பேரலை பற்றி நாகைக் கடற்கரையிலிருந்து எழுதப்பட்டவை ஏராளம். உள்நாட்டு வயல் ஊர்களுக்கு வந்தால் பட்டியல் சட்டென்று வற்றிவிடும். கடற்கரைக் குப்பங்களில் வினாப்பட்டியலைக் கண்டாலே மக்கள் களைத்துப்போகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அதே கேள்விகளோடு இன்னொருவர் போய் நிற்பதற்கு முன், முன்னே வந்தவர்கள் கேட்டதையெல்லாம் படித்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

அதைப் படிக்க ஷோத்கங்காவைவிடச் சிறந்த இடம் இல்லை. காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவின் மையமான இன்ஃபிலிப்நெட் நடத்தும் இந்தத் தளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. ஆய்வேடு இயல் இயலாகத் தனிக் கோப்புகளாக இருக்கும். நான் முதலில் திறப்பது கடைசிக் கோப்புகளைத்தான். வினாப்பட்டியலும் நூற்பட்டியலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த நூற்பட்டியலிலிருந்துதான் பல ஆய்விதழ்களின் பெயர்களே எனக்கு அறிமுகமாயின. தளம் சில நாள்களில் மிகவும் மெதுவாகத் திறக்கும். தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் சில பழைய எழுத்துருவிலோ வெறும் படங்களாகவோ இருப்பதால், உள்ளே ஒரு சொல்லைத் தேட முடிவதில்லை. இந்தக் குறை என்னை மிகவும் வருத்துகிறது. துணைத் தளமான ஷோத்கங்கோத்ரியில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்மொழிவுகள் கிடைக்கும். நெறியாளரிடம் தலைப்பைக் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். தரவிறக்க முடியாது, குறிப்பேடும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். டாடா சமூக அறிவியல் கழகம் 1940 முதல் வெளியிடும் சமூகப்பணி ஆய்விதழான "தி இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க்" பற்றித் தெரியாமல் ஒருவர் முதுகலை முடிப்பது எனக்குச் சம்மதமே இல்லை. மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் போதும், இலவசம்தான்.

தரமான இதழ் எது என்று பார்ப்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், கட்டுரை மதிப்பீட்டுக்கு எவ்வளவு காலம் எடுக்கிறார்கள் என்று இனி நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டால் பிறக்காத கட்டுரைக்கும் அது ஆண்டும் பக்க எண்ணும் தரக்கூடும். மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள்.

2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் பெரிய காரியம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். டெல்டாவில் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர், வீட்டிலேயே முதல் பட்டதாரிகளாக, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கூலி வேலை செய்து கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியிருப்பது அநியாயம். அடுத்த கட்டத்தில் அவர்களையும் சேர்த்தாக வேண்டும். அதுவரை நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் இருக்கும். நீங்கள் யார், எந்த ஊரில் என்ன ஆய்வு செய்கிறீர்கள், அந்தக் கட்டுரை எதற்குத் தேவை என்று நாலு வரியில் எழுதிக் கேளுங்கள். எனக்குப் பலர் அனுப்பியிருக்கிறார்கள். சிலர் கேட்காத இன்னொரு கட்டுரையையும் சேர்த்து அனுப்பியதோடு, எங்கள் ஊர் நடவுக் கூலி இப்போது எவ்வளவு என்றும் விசாரித்திருக்கிறார்கள்.