மக்கிய கூரை ஓரப் பலகை: எபாக்சியா, புது மரமா, பிவிசியா?

கூரையைத் தாங்கும் சாய்ந்த மரங்களான கைமரங்களின் முனையை மூடி, மழைநீர்ப் பீலியையும் தாங்கி நிற்கும் பலகை மக்கிவிட்டால் மூன்று வழிகள் உண்டு. மக்கியதைச் சுரண்டிவிட்டு எபாக்சி (கலந்து வைத்தால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) நிரப்பலாம், புது மரம் அடிக்கலாம், பிவிசி பலகைக்கு மாறலாம். எங்கள் வீட்டில் மறுபடியும் மரத்தையே போட்டோம். இன்று கேட்டாலும் மரம்தான் என்பேன். பிவிசி மோசமான பொருள் என்பதற்காக அல்ல. காரணம் பலகைக்குப் பின்பக்கம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எபாக்சி. ஸ்க்ரூடிரைவரால் பலகை நெடுகக் குத்திப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மெத்தென்று இருந்து, சுற்றிலும் மரம் கெட்டியாக இருந்தால் எபாக்சி போதும். மெத்தென்றிருப்பதை முழுக்க எடுத்துவிட வேண்டும், மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெயில் பட்டால் எபாக்சி கெடும், அதனால் மேலே பெயின்ட் கட்டாயம். பீலியின் கொக்கி திருகும் இடத்தில் மட்டும் இதை நம்ப மாட்டேன். தண்ணீர் நிறைந்த பீலியின் பாரம் முழுவதும் அந்தத் திருகுகளில்தான் தொங்கும்.

பிவிசி தண்ணீர் குடிக்காது, பூஞ்சை பிடிக்காது, கரையான் தொடாது. இதெல்லாம் தெரிந்ததுதான். கடையில் சொல்லாமல் விடுவது, அது வெயிலில் நீளும் என்பதை. 5 மீட்டர் பலகை 30 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். மூட்டுகளில் அதற்கு இடம் விடாவிட்டால் பலகை வளையும், அல்லது மூட்டு பிளக்கும். அடர்நிற பெயின்ட் அடித்தால் சூடு இன்னும் கூடும். திருகுப் பிடிப்பும் மரத்தைவிடக் குறைவு. அதனால் பீலிக் கொக்கியின் திருகு பலகையைத் தாண்டிக் கைமரத்துக்குள் இறங்க வேண்டும்.

சரி, இப்போது பின்பக்கம். மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அது வளராது. ஆக, பலகை மக்கியிருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, கூரை விளிம்பில் தண்ணீரைப் பீலிக்குள் சொட்ட வைக்கும் சொட்டுத் தகடு இல்லாததால், தண்ணீர் விளிம்பின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே வந்து பலகைக்குப் பின்னால் இறங்குவது. இன்னொன்று, சருகு அடைத்த பீலி பின்பக்கமாக வழிவது.

பலகையை மாற்றுவதால் மட்டும் இந்தத் தண்ணீர் நிற்காது. மரப்பலகை என்றால் பெயின்ட் கொப்பளிக்கும், மூட்டு கறுக்கும், கீழே நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பிவிசி என்றால் முன்பக்கம் பளிச்சென்று இருக்க, பின்னால் கைமர முனைகள் நனைந்துகொண்டே இருக்கும். பலகை மக்கினால் ஒரு பலகைதான் போகும். கைமர முனை மக்கினால் கூரை விளிம்பைப் பிரித்து, பக்கத்தில் புது மரம் சேர்த்து முடுக்க வேண்டும். அது வேறு அளவு வேலை, வேறு அளவு செலவு. மக்கிய பலகையின் மேலேயே அலுமினியத் தகடு மடித்துப் போர்த்துவதை நான் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது ஈரத்தையும் அடைத்து வைக்கும், கண்ணையும் மறைக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிவிசியை நான் மற்றவர்கள் வீட்டில் பார்த்ததோடு சரி, வைத்துப் பராமரித்ததில்லை. சொட்டுத் தகடு ஒழுங்காக இருந்து, பீலியும் சுத்தமாக இருந்தால் நான் சொல்லும் ஆபத்து வெகுவாகக் குறையும். ஏணி எட்டாத உயரம், பெயின்ட் அடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்றால் பிவிசி நியாயமான முடிவுதான்.

மரம் என்று முடிவு செய்தால், பராமரிப்பின் பெரும்பகுதி பலகையை மேலே ஏற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கம், மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இரண்டு முனைகள் என ஆறு பக்கமும் பிரைமர். மேலே ஏற்றிய பிறகு பின்பக்கத்துக்குத் தூரிகை போகாது. முனைகளுக்கு இன்னொரு கை கூடுதலாகவே அடியுங்கள், அறுத்த முனை மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு அறுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முனைக்குத் திரும்ப அடிக்க வேண்டும். மக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரம் என்றாலும் விலக்கில்லை, மருந்து நடுப்பகுதி வரை இறங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. அந்த மரம் ஈரமாகவே கைக்கு வருவதும் உண்டு. காயாமல் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும்.

நீளத்தில் பலகைகளைச் சேர்க்கும்போது மூட்டு கைமரத்தின் மேல் விழட்டும், சாய்வாக அறுத்துச் சேருங்கள். ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சொட்டுத் தகட்டின் மேல் பாதி கூரை மூடுபொருளுக்கு அடியில் போக வேண்டும், கீழ் விளிம்பு பீலிக்குள் தொங்க வேண்டும். அப்புறம், முன்பக்க மூட்டுகளை சீலன்ட் வைத்து அடைக்கலாம், ஆனால் பலகையின் கீழ் விளிம்பை அடைக்காதீர்கள். எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியேற அந்த இடுக்கு வேண்டும்.